ஃப்ரீ டிரேடுல எல்லாருக்கும் லாபம்னு சொல்றாங்க, அதோட செலவை யார் கணக்குல எழுதுறாங்க?

நிலவன்77 எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டிருக்கிற விஷயம், தெரிஞ்சவங்க விளக்கினா நல்லாருக்கும். நான் எகனாமிக்ஸ் முறையா படிச்சவன் இல்ல, ஒரு பரீட்சைக்காக இப்பதான் படிச்சுட்டிருக்கேன், அதுல சர்வதேச வர்த்தகம்னு வர்ற பாடத்துல முதல் பக்கத்துலயே ரிக்கார்டோங்கிற பழைய பொருளாதார அறிஞர் வந்து நிக்கிறார். 1817-ல அவர் போட்ட இங்கிலாந்து போர்ச்சுகல் கணக்கு. ஒரு குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்துல வருஷத்துக்கு 100 ஆள் வேணும், ஒயினுக்கு 120 ஆள். போர்ச்சுகல்ல துணிக்கு 90, ஒயினுக்கு 80. ரெண்டுலயுமே போர்ச்சுகல்தான் கெட்டி, ஆனாலும் அவங்க ஒயினை மட்டும் செஞ்சு துணியை இங்கிலாந்துகிட்ட வாங்கிக்கிட்டா ரெண்டு பேருக்குமே மிச்சம். பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாத்தான் வருது.

என் சந்தேகம் அந்த 90 பேரைப் பத்தி. தறியில உக்காந்திருந்தவங்க அடுத்த நாள் காலைல திராட்சைத் தோட்டத்துக்குப் போயிடுவாங்கன்னு அந்தக் கணக்கு நினைச்சுக்குது. போகலன்னா? தறி இருக்கிற ஊர் ஒரு பக்கம், தோட்டம் இருக்கிற ஊர் இன்னொரு பக்கம்னா? அம்பது வயசுக்காரர் புதுசா தொழில் கத்துக்கணும்னா அந்த இடைவெளியில வீட்டை யார் பார்ப்பா? இதெல்லாம் செலவுதானே, இது எந்தப் பக்கத்துலயும் காணோமே. பாடத்துல ஒரே ஒரு வரி இருக்கு, ஜெயிச்சவங்களோட லாபத்துல இருந்து தோத்தவங்களுக்கு ஈடு கட்டிக்கலாம்னு. கட்டினாங்களா? அப்படிக் கட்டின நாடு ஏதாவது இருக்கா? வர்த்தகமே வேணாம்னு நான் சொல்லல, மறைஞ்சு கிடக்கிற செலவு என்னென்னன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.


பேரேடு எழுதியது:

நல்ல இடத்துல கையை வச்சிருக்கீங்க சகோ. நீங்க சொல்ற அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1939-ல கால்டோர், ஹிக்ஸ்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க ஒரு அளவுகோல் சொன்னாங்க, ஒரு மாற்றத்தால ஜெயிக்கிறவங்க தோக்குறவங்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் கையில மிச்சம் இருக்கும்னா அந்த மாற்றம் நல்லதுன்னு. இதுல கவனிக்க வேண்டியது, கொடுக்க முடியணும், அவ்வளவுதான் நிபந்தனை, நிஜமா கொடுத்தாங்களாங்கிறது நிபந்தனையிலயே கிடையாது. அப்புறம் 1941-ல ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் கணக்காவே போட்டுக் காட்டிட்டாங்க, நாடு மொத்தமா லாபம் பார்க்கும்போதே அந்த நாட்டுக்குள்ள ஒரு தரப்போட வருமானம் நிஜமாவே குறையும்னு. அதனால இது பொருளாதாரக்காரங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல, ஒப்பந்தம் விக்கப் போற மேடையில இந்தப் பாதியைச் சொல்றதில்ல, எனக்கு இருக்கிற கோபம் அதுதான்.

நடந்த உதாரணம் கேட்டீங்கல்ல, சைனா ஷாக். சீனா 2001 டிசம்பர்ல உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் அமெரிக்காவுல ஃபர்னிச்சர், துணி, பொம்மை, எலெக்ட்ரானிக்ஸ் செஞ்சுட்டிருந்த ஊர்களுக்கு என்ன ஆச்சுன்னு டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன்னு மூணு பொருளாதாரக்காரங்க ஏரியா ஏரியாவா பிரிச்சுப் பார்த்தாங்க. 1999-ல இருந்து 2011 வரைக்கும் இந்த இறக்குமதியால போன வேலை 20 லட்சத்துல இருந்து 24 லட்சம் வரைக்கும்னு இன்னும் சிலரோட சேர்ந்து போட்ட மதிப்பீடு வந்துச்சு. நாடு பூரா பார்த்தா அது சின்ன எண்ணிக்கைதான், ஆனா அது நாடு பூரா பரவல, சில ஊர்கள் தலைமேல மட்டும் மொத்தமா இறங்கிச்சு. ஒரு ஊர்ல ஒரே ஃபேக்டரி, அது மூடினா கூடவே டீசல் விக்கிறவர், முடி வெட்டுறவர், ஸ்கூலுக்கு வரி கட்டுறவர் எல்லாரும் சேர்ந்து விழுறாங்க. லாபம் மட்டும் கடைக்குப் போற ஒவ்வொருத்தர் பில்லுலயும் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு விட்ட மாதிரி வருது, நஷ்டம் ஒரு தெருவுக்குள்ளயே கொட்டுது.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, வேற தலைப்புல. வேலை போன ஏரியாக்கள்ல மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குறவங்க எண்ணிக்கை ஏறுச்சு, அரசு மருத்துவச் செலவு ஏறுச்சு. அது சுகாதார பட்ஜெட்டுல செலவா நிக்குமே தவிர வர்த்தகத்தோட செலவுன்னு யாரும் எழுத மாட்டாங்க. அதே ஆளுங்க பின்னாடி பண்ணின ஆராய்ச்சியில, இப்படி அடிபட்ட ஊர்கள்ல கல்யாணங்கள் குறைஞ்சதும் இளம் ஆண்கள் அகால மரணம் கூடினதும் தெரிய வந்துச்சு. இதையெல்லாம் எந்தச் சுங்கப் பேப்பர்ல போட்டுக் கழிப்பீங்க?

ஈடு கட்டினாங்களான்னா, பேருக்கு ஒரு திட்டம் இருந்துச்சு. கென்னடி காலத்துல 1962-ல கொண்டுவந்தது, இறக்குமதியால வேலை போனவங்களுக்குப் பயிற்சி, கொஞ்ச நாள் பணம். ஆனா மேல சொன்ன மாற்றுத்திறன், மருத்துவச் செலவு பக்கத்துல வச்சுப் பார்த்தா இந்தத் திட்டத்துல போன பணம் துளி. அதுவும் 2022 ஜூலையில புதுப்பிக்காம விட்டதுல புது ஆட்களைச் சேர்க்கிறது நின்னு போச்சு. டென்மார்க் மாதிரி இடத்துல பரவால்ல, வேலைக்குப் பாதுகாப்பு குறைவு ஆனா வேலை போனவருக்குப் பணமும் பயிற்சியும் பலமா இருக்கும், அதுக்கு அவங்க கட்டுற வரியும் அதிகம். ஈடு கட்டணும்னா அந்த அளவுக்கு வரி கட்டணும், அதை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுற அன்னிக்கே சொல்லணும்.


கப்பல்கூடு எழுதியது:

நான் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலையில பல வருஷமா இருக்கேன், தியரி அவ்வளவா தெரியாது, கண்ணால பார்க்கிறதைச் சொல்றேன். ஃப்ரீ டிரேடு ஒப்பந்தம் வந்துடுச்சு, டியூட்டி, அதாவது இறக்குமதி வரி, ஜீரோன்னு பேப்பர்ல போடுவாங்க, ஆனா அந்த ஜீரோ சும்மா கிடைக்காது, சரக்கு அந்த நாட்டுலயேதான் உருவாச்சுன்னு நிரூபிக்கணும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ போட்டிருந்த நாஃப்டா ஒப்பந்தத்துல துணிக்கு இருந்த விதி, நூல்ல இருந்தே அந்த மூணு நாட்டுக்குள்ளதான் ஆகியிருக்கணும். காருக்கு 62.5 சதவீதம் உள்ளூர் மதிப்பு இருக்கணும்னு இருந்தது, 2020-ல வந்த புது ஒப்பந்தத்துல அதை 75-ஆ ஏத்திட்டாங்க. ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்துச்சு, என்ன விலை, எந்த ஹெச்.எஸ். கோட் (சரக்கு எந்த வகைன்னு சொல்ற எண்), எல்லாத்துக்கும் ரெக்கார்டு வச்சு வருஷக்கணக்கா பத்திரப்படுத்தணும், நாளைக்கு வெரிஃபிகேஷன்னு வந்தா காட்டணும். பெரிய கம்பெனிக்கு இதுக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும். நாலு பேர் வச்சு நடத்துறவர் என்ன பண்ணுவார்னா, இந்தத் தலைவலிக்கு டியூட்டியே கட்டிடலாம்னு கட்டிட்டுப் போயிடுவார், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். இப்படி ஆளாளுக்கு ஒரு ஒப்பந்தம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதின்னு சிக்கிக் கிடக்கிறதைத்தான் பொருளாதாரக்காரர் ஜக்தீஷ் பகவதி ஸ்பகெட்டி கிண்ணம்னு சொன்னார், அவர் சுதந்திர வர்த்தகத்துக்கு ஆதரவா பேசுறவர்ங்கிறதை மறந்துடாதீங்க.

இன்னொண்ணு யாரும் பேசாதது. சரக்கோட சேர்ந்து வர்ற உயிர்கள். அமெரிக்காவுல டெட்ராய்ட் பக்கம் 2002-ல ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடிச்சாங்க, எமரால்ட் ஆஷ் போரர்னு பேரு, கிழக்கு ஆசியாவுல இருந்து பேக்கிங் மரத்துக்குள்ள புழுவா வந்து இறங்கியிருக்கும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் அங்க கோடிக்கணக்கான ஆஷ் மரம் செத்துப் போச்சு. தெரு ஓரத்துல காய்ஞ்சு நிக்கிற மரத்தை வெட்டுற கூலியை அந்தந்த ஊர் நகராட்சி கொடுத்துச்சு, பெட்டி கொண்டுவந்த இம்போர்ட்டர் கொடுக்கல, அந்தப் பெட்டிக்குள்ள இருந்த பொருளை மலிவா வாங்கினவரும் கொடுக்கல. அதுக்கு முன்னாடி 1980-கள் கடைசியில கிரேட் லேக்ஸ் ஏரிகள்ல வரிக்குதிரைச் சிப்பி வந்து குடிநீர்க் குழாய், பவர் பிளான்ட் குழாய் எல்லாத்தையும் அடைச்சதும் இதே கதைதான், அது கப்பல் சாயாம இருக்க உள்ள நிரப்பிக்கிற பாலாஸ்ட் தண்ணியில வந்தது. பாலாஸ்ட் தண்ணிக்கு சர்வதேச ஒப்பந்தம் 2004-ல எழுதி 2017-லதான் அமலுக்கு வந்துச்சு, நடுவுல 13 வருஷம் கப்பல் நிக்காம ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.

இப்ப சரக்கு அடுக்குற மரப் பேலட்டுல ஒரு முத்திரை பார்த்திருப்பீங்க, கோதுமைக் கதிர் மாதிரி ஒண்ணு. அது இருந்தா, உள்ள இருக்கிற பூச்சி சாகுற மாதிரி மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு பண்ணியிருக்கணும், இல்லன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டிருக்கணும். அந்தப் புகை ஓசோன் படலத்தைக் கெடுக்கிறதால மான்ட்ரியல் ஒப்பந்தத்துல கட்டுப்படுத்தின சமாச்சாரம், ஆனா குவாரன்டைன் வேலைக்கு மட்டும் விலக்கு. ஒரு செலவை அடைக்கப் போய் இன்னொரு செலவு.


சுடர்விழி எழுதியது:

கப்பல்கூடு அண்ணா சொன்ன மரம் விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. நான் மனுஷங்க பக்கத்தைச் சேர்க்கிறேன். 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்துல டாக்கா பக்கத்துல சாவார்ல ராணா பிளாசா இடிஞ்சது. 1,134 பேர் செத்தாங்க, பெரும்பாலும் தையல் மெஷின்ல இருந்த பொண்ணுங்க. முந்தின நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சு கீழ்த்தளத்துல இருந்த பேங்க்கும் கடைகளும் மூடிட்டாங்க, மேல இருந்த கார்மென்ட் ஃபேக்டரிகளுக்கு மட்டும் ஆளை உள்ள வரச் சொன்னாங்க, ஏன்னா ஷிப்மென்ட் தேதி. அந்த டெலிவரி தேதியும் ஒரு சட்டைக்கு இவ்வளவுதான்னு அடிச்சுப் பேசின ரேட்டும் வேற கண்டத்துல ஒரு மீட்டிங்ல முடிவானது. சட்டை மலிவா கிடைச்சதுங்கிற லாபத்துக்குள்ள, இடியாத கட்டிடத்துக்கு ஆகியிருக்க வேண்டிய செலவும் இருந்துச்சு, அதை யாரும் கொடுக்கலங்கிறதாலதான் அந்த மலிவு. அதுக்கப்புறம்தான் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்துற ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு ஃபேக்டரி ஃபேக்டரியா இன்ஸ்பெக்ஷன் பண்ணினாங்க. அத்தனை பேர் செத்த பிறகு முடிஞ்சது முன்னாடியே முடிஞ்சிருக்கும், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

புகைக் கணக்கும் இப்படித்தான். ஒரு பணக்கார நாடு தன்னோட ஸ்டீல், சிமென்ட் வேலையை வெளிய அனுப்பிட்டு எங்க நாட்டுல கார்பன் குறைஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கலாம், ஏன்னா கணக்கு உற்பத்தி ஆகுற இடத்துலதான் எழுதுறாங்க. நடுக்கடல்ல ஓடுற கப்பலோட புகை எந்த நாட்டு மொத்தத்துலயும் சேராது, தனிக் குறிப்பா போட்டு வச்சிருப்பாங்க, அது மட்டுமே உலக கார்பன் வெளியீட்டுல 3 சதவீதத்துக்குக் கிட்ட வருது. ஐரோப்பிய யூனியன் எல்லையில கார்பனுக்குக் காசு வாங்க ஆரம்பிச்சிருக்கு, 2023 அக்டோபர்ல கணக்கு மட்டும் கேட்டாங்க, 2026-ல இருந்து வர்ற சரக்குக்குக் காசு. சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன், இதுக்கெல்லாம் மட்டும். சரியான திசைதான், ஆனா அந்தப் பணம் ஐரோப்பா கஜானாவுக்குப் போகுது, பழைய உலையை மாத்த முடியாம தவிக்கிற ஏழை நாட்டுக்கு அதுல பங்கு உறுதியா இல்ல, அதான் எனக்கு ஒத்துக்க முடியல.


எதிர்க்கரை எழுதியது:

எல்லாம் சரி, ஆனா ஒரு பக்கமாவே போகுது, நான் கொஞ்சம் மாறுபடுறேன். அதே சீனாவுல நாப்பது வருஷத்துல கிட்டத்தட்ட 80 கோடிப் பேர் கடும் வறுமையில இருந்து வெளிய வந்தாங்க, ஏற்றுமதி இல்லாம அது இவ்வளவு வேகமா நடந்திருக்கவே முடியாது. வங்கதேசத்துல லட்சக்கணக்கான பொண்ணுங்க கையில முதல் தடவையா சொந்தச் சம்பளம் வந்தது கார்மென்ட்டாலதான், அவங்களைக் கேட்டா ஆர்டரை நிறுத்துன்னு சொல்ல மாட்டாங்க, கட்டிடத்தைச் சரி பண்ணுன்னுதான் சொல்வாங்க.

அப்புறம் தடுப்புக்கும் மறைஞ்ச செலவு இருக்கு, அதை யாரும் இங்க எழுதல. 2018-ல அமெரிக்கா வாஷிங் மெஷினுக்கு டாரிஃப், அதாவது இறக்குமதி வரி, போட்டுச்சு. மெஷின் விலை 12 சதவீதம் அளவுக்கு ஏறுச்சு, கூடவே டாரிஃப் போடாத டிரையரும் விலை ஏறுச்சு, ஏன்னா ஜனங்க ரெண்டையும் ஜோடியாத்தான் வாங்குறாங்க. புதுசா வந்த வேலை சுமார் 1,800. மக்கள் கூடுதலா கொடுத்த பணத்தை அதால வகுத்தா ஒரு வேலைக்கு வருஷத்துக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் ஆச்சுன்னு கணக்குப் போட்டுருக்காங்க. 90 நெசவாளிக்காக அழுறோம், ஆனா அந்த மெஷினை வாங்க முடியாம கையால துவைக்கிறவங்களும் மனுஷங்கதான். ஃபேக்டரி வேலை குறைஞ்சதுல ஆட்டோமேஷனுக்கும் பெரிய பங்கு இருக்கு, அதையும் வர்த்தகத்து மேலயே போடாதீங்க.


பேரேடு எழுதியது:

எதிர்க்கரை, நீங்க சொன்ன டாரிஃப் கணக்கை முழுசா ஒத்துக்கிறேன், அது மோசமான மருந்து. ஆனா நிலவன் கேட்டது மருந்தைப் பத்தி இல்ல, நோய் எங்கெங்க இருக்குன்னு. நீங்க சொன்ன சீனாவே கதவை மொத்தமா திறந்து வச்சு வளரலயே, டாரிஃப், அரசு பேங்க், வெளிநாட்டுக் கம்பெனி வந்தா உள்ளூர் கூட்டாளி கட்டாயம்னு பல கட்டுப்பாட்டோட தன் வேகத்துலதான் திறந்துச்சு. தன் வேகத்துல திறக்க விடாத நாட்டுக்கு என்ன ஆச்சுன்னு ஹைட்டியைப் பாருங்க. 1990-கள் நடுவுல அரிசி டாரிஃபை 3 சதவீதத்துக்கு இறக்க வச்சாங்க, அமெரிக்காவுல மானியம் வாங்கி விளைஞ்ச அரிசி வந்து குவிஞ்சது, அங்க நெல்லு போட்டவங்க நிலத்தை விட்டுட்டு தலைநகரத்துக்கு ஓடினாங்க. 2010 ஜனவரியில அந்தத் தலைநகரத்துலதான் நிலநடுக்கம். ரெண்டு மாசம் கழிச்சு, டாரிஃபை இறக்க வச்சப்ப அமெரிக்க அதிபரா இருந்த பில் கிளின்டன் செனட் கமிட்டி முன்னாடி உக்காந்து, என் ஆர்கன்சா விவசாயிங்களுக்கு அது நல்லதா இருந்திருக்கலாம், ஆனா அது தப்பு, ஹைட்டி தன் ஜனத்துக்குச் சோறு விளைவிக்கிற திறனை இழந்ததுக்கு நான் பொறுப்புன்னு ஒத்துக்கிட்டார்.

இன்னொண்ணு, ஏழை நாடுகளுக்கு டாரிஃப்ங்கிறது பாதுகாப்பு மட்டும் இல்ல, வருமானம். துறைமுகத்துல நாலு ஆபீசர் இருந்தா வசூல் பண்ணிடலாம். அதை விட்டுட்டு வாட், அதாவது விற்பனை மேல படிப்படியா வாங்குற வரி, போடுன்னு சொன்னாங்க, அதுக்கு ஊர் ஊரா கணக்கு வழக்கு பார்க்கிற நிர்வாகம் வேணும், பல ஏழை நாடுகள் விட்ட வருமானத்தைத் திரும்பப் பிடிக்கவே இல்ல. அந்த ஓட்டையில எந்த ஆஸ்பத்திரி கட்டாம நின்னுச்சுன்னு யாரும் எழுதி வைக்கல.


கருவேப்பிலை_எஸ் எழுதியது:

சட்டப் பக்கம் ஒண்ணு விட்டுப் போச்சு, சுருக்கமா சொல்றேன். இப்ப வர்ற ஒப்பந்தங்கள்ல டியூட்டி ஒரு சின்னப் பகுதிதான், பேட்டன்ட், முதலீட்டுப் பாதுகாப்புன்னு மிச்சம் நிறைய. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு அரசாங்கத்தை நேரா சர்வதேச ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்கு வெளிய இருக்கிற நடுவர் மன்றத்துக்கு, இழுக்கலாம். சிகரெட் பாக்கெட்டுல பிராண்டை மறைக்கிற சட்டத்துக்காக ஆஸ்திரேலியாவை ஃபிலிப் மோரிஸ்ங்கிற சிகரெட் கம்பெனி, ஹாங்காங்கோட ஆஸ்திரேலியா போட்டிருந்த முதலீட்டு ஒப்பந்தம் வழியா இழுத்துச்சு, எச்சரிக்கைப் படங்களுக்காக உருகுவேயை இழுத்துச்சு. ரெண்டுலயும் கம்பெனி தோத்துச்சு, 2015, 2016. அப்ப செலவு என்னன்னு கேப்பீங்க. ஜெயிச்ச நாட்டுக்கும் வருஷக்கணக்கா வக்கீல் செலவு, அதைவிட, இந்தக் கேஸ் எப்படி முடியுதுன்னு பார்க்க நியூசிலாந்து தன்னோட இதே மாதிரி பாக்கெட் சட்டத்தை நிறுத்தி வச்சுது, 2016-லதான் நிறைவேத்தினாங்க. வராம போன சட்டத்தோட செலவை எந்த ஆடிட்டரும் எழுத முடியாது.


நிலவன்77 எழுதியது:

எல்லாருக்கும் மனசார நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. எதிர்க்கரை சொன்னதும் எனக்கு முக்கியம், கையால துவைக்கிறவங்களை நான் யோசிக்கவே இல்ல. பேரேடு சாருக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. அந்த அடிபட்ட அமெரிக்க ஊர்கள் அப்புறம் எழுந்துச்சா? காலப்போக்குல எல்லாம் சரியாகிடும்னு எங்க பாடம் சொல்லுது, எத்தனை வருஷம்னு மட்டும் சொல்லல.


பேரேடு எழுதியது:

சார் எல்லாம் வேணாம் சகோ. அந்த மூணு பேரே 2021-ல இதைத் திரும்பப் போய் பார்த்தாங்க. சீன இறக்குமதி ஏறுற வேகம் 2010 வாக்குலயே அடங்கிடுச்சு, ஆனா அடிபட்ட ஏரியாக்கள்ல வேலையில இருக்கிறவங்க விகிதமும் வருமானமும் 2019 வரைக்கும் தாழ்ந்தேதான் இருந்துச்சு. ஜனங்க மூட்டை கட்டிட்டு வேலை இருக்கிற ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சாங்க, பெருசா போகல. யோசிச்சுப் பாருங்க, ஊரே படுத்துட்டா வீட்டை விக்கிற விலைக்கு வேற ஊர்ல வாடகை கட்டக்கூட முடியாது, வயசான அப்பா அம்மா அங்கதான் இருப்பாங்க, கைமாத்து கொடுக்க, குழந்தையைப் பார்த்துக்க ஆள் இருக்கிறதும் அந்த ஊர்லதான். முதல் பதிவுல நீங்க கேட்டீங்களே, தறிக்காரர் தோட்டத்துக்குப் போகலன்னா என்னன்னு. பெரும்பாலும் அவர் போகல, தறி இருந்த ஊர்லயேதான் இருக்கார்.